எரிமலை ஏறத் தெரிந்தால் போதாது... திரும்பவும் தெரிய வேண்டும்!

இந்தோனேசியத் தீவுகளில் நண்பர்களோடு ஒரு பேக்பேக் சுற்று

நான்கு நண்பர்கள் பேக்பேக்கை மாட்டிக்கொண்டு கிளம்பினால், நால்வருக்கும் நான்கு குணம் இருக்கும். ஒருவர் கணக்குப்பிள்ளை, டீக்குக் கொடுத்த காசைக்கூட போனில் குறித்து வைப்பார். இன்னொருவர் கேமராவும் கையுமாக எப்போதும் பின்தங்குவார். மூன்றாமவர், `இன்னும் கொஞ்ச தூரம்தான், வாங்கடா' என்று முன்னால் ஓடுவார். நான்காமவர் முழங்கால் வலியை யாரிடமும் சொல்லாமல் நடப்பார்.

மூணாறுக்கோ, ஏற்காட்டுக்கோ போனால் இதெல்லாம் கேலி பேசிச் சிரிக்கிற விஷயம். புகைந்துகொண்டிருக்கும் எரிமலையில் ஏறும்போது, இந்த நான்கு குணங்கள்தாம் நால்வரும் பத்திரமாகத் திரும்புவதைத் தீர்மானிக்கின்றன.

சீறும் நிலையில் உள்ள எரிமலைகள் என்று இந்தோனேசிய அரசு கணக்கெடுத்து வைத்திருப்பவை 127. அவற்றில் சிலவற்றை ஒரே கோட்டில் பார்த்துவிடலாம் என்பதால், ஜாவாவின் கிழக்குப் பகுதியில் தொடங்கி, பாலி வழியாக லொம்போக் தீவு வரை போகும் பாதை, உலகெங்கும் உள்ள பேக்பேக் இளைஞர்களுக்கு அத்துப்படி. ரயில், ஷேர் வேன், படகு என்று மாறி மாறிப் போனால், பத்துப் பன்னிரண்டு நாள்களில் முடித்துவிடலாம். நம் ஊர் இளைஞர்களும் சென்னை, திருச்சியிலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாக இப்போது அங்கே போகத் தொடங்கிவிட்டார்கள்.

பிரம்மாவின் பெயரில் ஒரு மலை

முதல் நிறுத்தம், ப்ரோமோ. சுரபயா நகரிலிருந்து ரயிலில் ப்ரோபோலிங்கோ. அங்கிருந்து வேனில் வளைந்து வளைந்து ஏறினால், செமோரோ லவாங் என்ற சிற்றூர். வழியெங்கும் செங்குத்தான சரிவுகளில் முட்டைகோஸும் உருளைக்கிழங்கும் வெங்காயத்தாளும் பயிராகியிருக்கும். நீலகிரியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்நிய ஊர் என்றே தோன்றாது. ஊர் முடிகிற இடத்தில் தரை சட்டென்று கீழே இறங்கிவிடும். அதற்கு அப்பால் பத்து கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு மாபெரும் கிண்ணம். பழைய எரிமலை ஒன்று வெடித்து உள்வாங்கிய பள்ளம் அது. அதன் நடுவே கறுப்பு மணல்வெளி. மணல்வெளியின் நடுவே புகை கக்கியபடி 2,329 மீட்டர் உயர ப்ரோமோ.

பிரம்மா என்ற பெயரின் ஜாவானிய வடிவம்தான் ப்ரோமோ. இதன் பின்னால் தெரியும் ஜாவாவின் மிக உயரமான மலைக்குப் பெயர் செமெரு, புராணத்து மகாமேருதான். இந்தக் கிண்ணத்தைச் சுற்றி வாழும் தெங்கர் மக்கள் இன்றும் இந்துக்கள். மணல்வெளியிலேயே அவர்களுடைய கோயில் இருக்கிறது. எரிமலையின் விளிம்பில் பிள்ளையார் சிலையும் உண்டு.

ஆண்டுக்கு ஒருமுறை, அவர்களுடைய கசாடா மாதத்தில் இங்கே நடக்கும் விழாவுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ரோரோ அந்தெங், ஜோகோ செகெர் என்று ஒரு தம்பதி. பிள்ளையில்லாமல் மலையிடம் வேண்டினார்கள். 25 பிள்ளைகள் பிறந்தன. கடைசிப் பிள்ளையைத் திருப்பித் தர வேண்டும் என்பது மலை போட்ட நிபந்தனை. பெற்ற மனம் கேட்காமல் அவர்கள் மறைத்துவைக்க, மலை சீறி அந்தப் பிள்ளையை எடுத்துக்கொண்டதாம். அதன் நினைவாக இன்றும் காய்கறி, கோழி, ஆடு, பணம் என்று தங்கள் விளைச்சலில் ஒரு பங்கை எரிமலை வாய்க்குள் போடுகிறார்கள். வறுமைப்பட்டவர்கள் சிலர் சரிவில் இறங்கி நின்று, வலை கட்டிய கழியால் அதைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. யாரும் தடுப்பதில்லை.

அதிகாலை மூன்று மணிக்கே ஜீப்பில் கிளம்பி, 2,770 மீட்டர் உயர பெனஞ்சாகன் முனையில் சூரிய உதயம் பார்ப்பது வழக்கம். ஜூலை, ஆகஸ்ட்டில் அங்கே பனி உறையும் அளவுக்குக் குளிரும். `வெப்பமண்டலத் தீவுதானே' என்று அரைக்கால் சட்டையோடு வருபவர்கள், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும் கம்பளிக் கோட்டுக்குள் ஒடுங்கி நிற்பார்கள். பிறகு மணல்வெளியைக் கடந்து, ஏறத்தாழ 250 படி ஏறினால் ப்ரோமோவின் வாய். உள்ளேயிருந்து எழும் இரைச்சல், பெரிய வங்கக் கடல் அலை ஓயாமல் உறுமுவது போலக் காதை நிறைக்கும். விளிம்பில் நடக்கும் இடம் குறுகல். கைப்பிடிச் சுவரும் எல்லா இடத்திலும் இல்லை. கேமரா நண்பரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

நீல நெருப்பும் மஞ்சள் காவடியும்

ப்ரோமோவிலிருந்து கிழக்கே ஐந்தாறு மணி நேரப் பயணத்தில், இஜென். இங்கே பார்க்க வேண்டியது சூரியனை அல்ல என்பதால், நள்ளிரவு தாண்டியதுமே எழுந்து கிளம்ப வேண்டும். பல்துடிங் என்ற அடிவாரத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் ஏற்றம். விளிம்பை அடைந்து, உடைந்த பாறைகளில் டார்ச் வெளிச்சத்தில் கீழே இறங்கினால், இருட்டில் நீல நிறத்தில் நெருப்பு ஓடும். மலையின் வெடிப்புகளிலிருந்து பெரும் சூட்டோடும் அழுத்தத்தோடும் வெளியேறும் கந்தக வாயு, காற்றைத் தொட்டதும் பற்றிக்கொள்வதால் வரும் நீலம் அது. பகலிலும் எரியும், வெயிலில் கண்ணுக்குத் தெரியாது.

விடிந்ததும் பக்கத்திலேயே பச்சையும் நீலமும் கலந்த ஏரி தெரியும். குளிக்கத் தூண்டும் அழகு. ஆனால் அது முழுக்க அமிலம். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலம் கொண்ட இதுதான் உலகின் மிகப் பெரிய அமில எரிமலை ஏரி.

ஆனால், இஜென் போய் வந்தவர்கள் நெடுநாள் மறக்காதது நெருப்பையோ ஏரியையோ அல்ல. எதிரே ஏறி வரும் மனிதர்களை. வாயு வெளியேறும் இடத்தில் குழாய்களைப் பதித்திருக்கிறார்கள். குழாய்க்குள் ஆறும் கந்தகம், சிவப்புக் குழம்பாகச் சொட்டி, தரையில் மஞ்சள் கட்டியாக இறுகும். அதைக் கடப்பாரையால் உடைத்து, இரண்டு மூங்கில் கூடைகளில் அடுக்கி, நடுவே கழி கொடுத்துத் தோளில் வைத்தால், நம் ஊர்க் காவடிதான். எடை மட்டும் 70 முதல் 90 கிலோ. அதோடு செங்குத்தான பாறை வழியில் விளிம்புக்கு ஏறி, மறுபக்கம் இறங்க வேண்டும். கிலோவுக்கு ஆயிரம் ரூபியாவை ஒட்டிய கூலி. நம் பணத்தில் ஐந்தாறு ரூபாய். சர்க்கரையை வெளுக்கவும், ரப்பரைக் கெட்டிப்படுத்தவும், தீக்குச்சி செய்யவும் போகிற கந்தகம் அது. தோளில் கழி அழுந்திய இடம் காய்த்துப் புடைத்திருக்கும். பலர் மூக்கில் ஈரத்துணி மட்டுமே கட்டியிருப்பார்கள்.

சுற்றுலா பெருகிய பிறகு இவர்களில் பலர் வழிகாட்டிகளாகிவிட்டார்கள். சிலர் கைவண்டி வைத்து, நடக்க முடியாத பயணிகளை மேலே இழுத்துப் போகிறார்கள். அந்த வண்டிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், `லம்போர்கினி'!

இவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. பேசிக்கொண்டே இருப்பவர்கள் திடீரென்று பேச்சை நிறுத்தி, காற்றின் திசையைக் கவனிப்பார்கள். புகை தங்கள் பக்கம் திரும்புவதற்கு முன்பே எழுந்து நகர்ந்துவிடுவார்கள். பயணிகளோ, `இந்த ஒரு படம் மட்டும்' என்று நிற்பார்கள். சில விநாடிகளில் வெண்புகை சூழ்ந்து, கண் எரிந்து, மூச்சு அடைக்கும். ஆஸ்துமா உள்ள நண்பர் குழுவில் இருந்தால், அவர் விளிம்போடு நின்றுவிடுவதே நல்லது. அவரோடு இன்னொருவரும் நிற்க வேண்டும். நீல நெருப்பைத் தவறவிட்டது அந்த ஒருவருக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

ஒரு மணி நேரம் தொலையும் படகு

இஜெனிலிருந்து இறங்கினால் பன்யுவாங்கி. அங்கே கெதாபாங் துறைமுகத்தில் படகு ஏறினால், ஒரு மணி நேரத்துக்குள் பாலியின் கிலிமானுக். கடல் குறுகல்தான்; அக்கரை கண்ணுக்குத் தெரியும். ஆனால், நீரோட்டம் வேகமானது. 2025 ஜூலையில் இந்தப் பாதையில் ஒரு படகு மூழ்கி உயிர்கள் போயின. ஏறியதும் லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். பாலிக்கு நேரம் வேறு.

பாலியில் எரிமலையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் எல்லாமே நடக்கிறது. வீட்டுக் கோயிலானாலும் ஊர்க் கோயிலானாலும், அகுங் மலையின் திசைதான் புனிதத் திசை. அந்த மலையின் மடியில் இருக்கிறது தாய்க்கோயிலான பெசாகி. 1963-ல், நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் பெருஞ்சடங்கு அங்கே நடந்துகொண்டிருந்தபோதே அகுங் சீறியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எரிமலைக் குழம்பு கோயிலைத் தொடாமல் விலகி ஓடியது. 2017-ல் மலை மீண்டும் உறுமியபோது லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே ஊரைக் காலி செய்தார்கள். விமான நிலையம் மூடப்பட்டு, சுற்றுலாப் பயணிகள் நாள்கணக்கில் தவித்தார்கள்.

இவ்வளவு பயம் காட்டும் மலையை விட்டு மக்கள் ஏன் போகவில்லை? பதில் வயலில் இருக்கிறது. எரிமலைச் சாம்பல் காலப்போக்கில் மக்கி, உரம் போட்டது போன்ற மண்ணாகிறது. மலை ஏரிகளிலிருந்து இறங்கும் நீரைக் கோயில்களை மையமாக வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் `சுபாக்' முறையை, 2012-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யமாக அறிவித்தது. அள்ளிக் கொடுப்பதும் அதே மலை, பறித்துக்கொள்வதும் அதே மலை.

முழங்கால் வலி நண்பருக்கு ஏற்ற மலையும் பாலியில் உண்டு. 1,717 மீட்டர் உயர பாத்தூர். இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடலாம். உச்சியில் பாறை இடுக்கில் வரும் ஆவியில் முட்டையை வேகவைத்துக் கையில் தருவார்கள்.

இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும்

பாலியின் பதங்பாயிலிருந்து நான்கைந்து மணி நேரப் படகுப் பயணம், லொம்போக் தீவுக்கு. இந்தச் சுற்றின் பெரிய பரீட்சை இங்கேதான். 3,726 மீட்டர் உயர ரிஞ்சானி. இந்தோனேசிய எரிமலைகளில் உயரத்தில் இரண்டாவது.

வழக்கமாக மூன்று பகல், இரண்டு இரவு. செம்பலுன் கிராமத்திலிருந்து புல்வெளி வழியாக ஏறி, முதல் நாள் மாலை விளிம்பில் கூடாரம். கூடாரம், அரிசி, முட்டை, காய்கறி, தண்ணீர் எல்லாவற்றையும் மூங்கில் காவடியில் தூக்கிக்கொண்டு, ரப்பர் செருப்போடு முன்னால் போய்விடுவார்கள் சாசாக் இனத்துச் சுமைதூக்குபவர்கள். விலையுயர்ந்த ஷூ போட்ட நண்பர்கள் மூச்சு வாங்க மேலே வந்து சேரும்போது, நாசி கோரெங் தயாராக இருக்கும்.

இரவு இரண்டு மணிக்கு உச்சி நோக்கிய நடை. விளிம்பிலிருந்து உச்சிக்கு ஏறத்தாழ 1,100 மீட்டர் ஏற்றம். கடைசிப் பகுதி முழுக்கச் சாம்பலும் சரளையும். இரண்டடி வைத்தால் ஓரடி கீழே சறுக்கும். இருபுறமும் சரிவு, இருட்டு, குளிர்காற்று. விடியும்போது கீழே பிறை வடிவில் நீல ஏரி தெரியும். பெயர், சகாரா அனாக். `சாகரம்' என்ற அதே சொல்தான். கடலின் குழந்தை என்று பொருள். ஏரிக்குள்ளிருந்தே பாருஜாரி என்ற குட்டி எரிமலை முளைத்து நிற்கும்.

இந்த ஏரி உருவான கதை ஒரு துப்பறியும் கதை. கிரீன்லாந்திலும் அன்டார்ட்டிகாவிலும் தோண்டிய பனிக்கட்டிகளில், 13-ம் நூற்றாண்டின் நடுவே ஏதோ ஒரு பெரிய எரிமலை வெடித்ததற்கான கந்தகத் தடயம் கிடைத்தது. எந்த மலை என்று தெரியாமல் விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் தேடினார்கள். 2013-ல் விடை கிடைத்தது: ரிஞ்சானியின் பக்கத்தில் இருந்த சமலாஸ் மலை, 1257-ல் வெடித்துச் சிதறியிருக்கிறது. அதற்குத் துணை நின்றவற்றில் ஒன்று, ஓலைச்சுவடி! பமத்தான் என்ற ஊர் மலையின் சீற்றத்தில் புதைந்ததை லொம்போக் மக்கள் பனையோலையில் எழுதிவைத்திருந்தார்கள். அன்று மலை இருந்த இடத்தில்தான் இன்று ஏரி இருக்கிறது.

ரிஞ்சானியில் ஆபத்து, நெருப்பாக மட்டும் வருவதில்லை. 2018 ஜூலை 29 அன்று நிலநடுக்கத்தில் பாறைகள் சரிந்து பாதைகள் அடைபட, நூற்றுக்கணக்கான பயணிகள் மலையில் சிக்கி, பிறகு மீட்கப்பட்டார்கள். 2025 ஜூனில், உச்சிக்குப் போகும் பாதையில் வெளிநாட்டு இளம் பயணி ஒருவர் தவறி விழுந்தார். செங்குத்துச் சரிவும் மூடுபனியும் தடுத்ததில், மீட்புக் குழு நெருங்குவதற்குள் நாள்கள் ஓடி, உயிரோடு மீட்க முடியவில்லை.

`இன்னும் கொஞ்ச தூரம்தான்' நண்பர் குழுவுக்குப் பெரிய பலம். அவர் இல்லையென்றால் பாதிப் பேர் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் இந்தச் சரளைச் சரிவில் அவர் கடைசியாக நடக்க வேண்டும். மெதுவாக நடப்பவர் முன்னால் போக வேண்டும். யாரையும், `நீ இங்கேயே உட்கார், நாங்கள் போய்விட்டு வருகிறோம்' என்று தனியாக விடக் கூடாது. களைத்தவரோடு ஒருவர் உட்கார வேண்டும், அல்லது எல்லோரும் திரும்ப வேண்டும்.

மராபி சொல்லும் பாடம்

இதே நாட்டின் சுமாத்ரா தீவில், இந்தப் பாதையிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது மராபி. வாரயிறுதியில் உள்ளூர் இளைஞர்கள் நண்பர்களோடு ஏறிவரும் மலை அது. 2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மலையில் சுமார் 75 பேர் இருந்தார்கள். பிற்பகலில் மராபி வெடித்தது. சாம்பல் மூவாயிரம் மீட்டர் உயரத்துக்கு எழுந்தது. 24 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர், நண்பர்களாகச் சேர்ந்து வந்த மாணவர்கள்.

இந்தோனேசியாவில் ஒவ்வொரு எரிமலைக்கும் நான்கு எச்சரிக்கை நிலைகள் உண்டு. இயல்பு நிலைக்கு `நார்மல்', கவனம் தேவை என்றால் `வஸ்படா', தயார்நிலைக்கு `சியாகா', உச்ச ஆபத்துக்கு `அவாஸ்'. அன்று மராபி இருந்தது இரண்டாவது நிலையான வஸ்படாவில். வாயிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் போகக் கூடாது என்ற அறிவுரை ஏற்கெனவே இருந்தது. ஏறுவதற்கான அனுமதிச் சீட்டும் கிடைத்துக்கொண்டிருந்தது. சீட்டு கிடைக்கிறது என்பதற்கும் மலை பத்திரமாக இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமில்லை என்பது, இருபத்து நான்கு குடும்பங்கள் விலை கொடுத்துக் கற்ற பாடம்.

எல்லா வெடிப்பும் முன்னறிவிப்போடு வருவதில்லை. பாறைக்குள் சிக்கிய தண்ணீர் சூடாகி, வெளியேற வழியில்லாமல் ஆவியாக வெடிப்பதும் உண்டு. விசில் அடைத்துக்கொண்ட குக்கர் எப்போது தூக்கியடிக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? அதனால்தான் தூரம் முக்கியம். மூன்று கிலோமீட்டர் என்று சொன்னால், இரண்டே முக்காலில் நின்று செல்ஃபி எடுப்பதும் தவறுதான்.

தெங்கர் மக்கள் மலைக்குப் படைக்கிறார்கள். இஜென் தொழிலாளி காற்றைப் பார்த்து நகர்கிறார். பாலி மக்கள் மலை உறுமினால் ஆடு, மாட்டோடு இறங்கிவிடுகிறார்கள். மூவருக்கும் மலையோடு தலைமுறைப் பழக்கம். ஆனால், ஒருவரும் அதை நம்பி ஏமாறுவதில்லை. ஒரு வாரம் வந்துபோகும் நண்பர்கள் குழு செய்யக்கூடியது, கிளம்பும் முன்னரே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்வது. நால்வரில் யார் ஒருவர் `திரும்பிடலாம்' என்றாலும், காரணம் கேட்காமல், கேலி செய்யாமல், நால்வரும் திரும்ப வேண்டும். முழங்கால் வலியை மறைக்கும் நண்பர் வாய் திறப்பதற்கு அந்த ஒரு ஒப்பந்தம் போதும்.

கிளம்பும் முன் கவனிக்க...

* காலம்: மே முதல் செப்டம்பர் வரை நல்லது. மழை மாதங்களில், குறிப்பாக ஜனவரி முதல் மார்ச் வரை ரிஞ்சானி வழக்கமாக மூடியிருக்கும்.

* விசா: இந்தியர்களுக்கு விமான நிலையத்திலேயே 30 நாள் விசா கிடைக்கும். கட்டணம் ஐந்து லட்சம் ரூபியா. தொகையைப் பார்த்து மிரள வேண்டாம். நம் பணத்தில் மூவாயிரம் ரூபாயை ஒட்டித்தான் வரும்.

* எச்சரிக்கை நிலை: `மாக்மா இந்தோனேசியா' என்ற அரசு இணையதளத்தில் அன்றன்றைய நிலையைப் பார்க்கலாம். கிளம்பும் நாள் காலையிலும் பாருங்கள்.

* உடம்பு: இஜெனில் மருத்துவச் சான்று கேட்கிறார்கள். கந்தகப் புகைக்குத் துணி மாஸ்க் பயன்படாது. வடிகட்டி வைத்த முகமூடி அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

* காப்பீடு: சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில், குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மலையேறினால் இழப்பீடு கிடைக்காது. நிபந்தனைகளைப் படித்துவிட்டு எடுங்கள்.

* சாப்பாடு: `வாருங்' எனப்படும் சிறு கடைகளில் சோறு, டெம்பே, வேர்க்கடலைச் சாறு ஊற்றிய கடோ-கடோ காய்கறி, வாழைப்பழப் பஜ்ஜி எல்லாம் மலிவாகக் கிடைக்கும். சைவர்கள் கவனிக்க: சம்பலில் `தெராசி' என்ற இறால் விழுது கலந்திருக்கும். `தன்பா தெராசி' என்று சொன்னால், அது போடாமல் தருவார்கள்.

* கூடுதல் நாள்: சாம்பல் மேகத்தால் விமானங்கள் ரத்தாவது இங்கே சகஜம். ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கும் அலுவலக நாளுக்கும் நடுவே இரண்டு நாளாவது விட்டுவையுங்கள். கணக்குப்பிள்ளை நண்பரிடம் அவசரச் செலவுக்கென்று ஒரு தொகையைத் தனியாகக் கொடுத்துவையுங்கள். அவர் அதைத் தொடவே மாட்டார்!